முப்பத்திரண்டாம் விநாடி

சல்மாபாத்தில் இரவு பதினொன்றரை.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டும் அறை.
மூன்று சர்வர்கள், ஒரு ரௌட்டர்,
வெளியுலகுக்கு ஒரே ஒரு முகவரி.

ஒன்று கிரேன் வாடகைக்கு,
ஒன்று பல் மருத்துவமனைக்கு,
மூன்றாவது லேபர் கேம்ப்புகளுக்குச் சோறு அனுப்பும்
கேட்டரிங்குக்கு.
இன்னொரு முகவரி வாங்கலாமே என்றேன் போன மாதம்.
அபு ஹமத் கால்குலேட்டரைத் தட்டினார்.
‘தபால்பெட்டி ஒன்றுதானே?
மூன்று கம்பெனிக்கும் கடிதம் வருகிறதே!’
சரியாகத்தான் சொன்னார்.
அதுதான் எரிச்சல்.

ஸித்ராவிலிருந்து (ஊர்தான், பெண் அல்ல)
ஒரு ஃபோர்மன் காலையில் கிரேன் கேட்டிருக்கிறார்.
எடுத்தது கிளினிக்கில் மரிசெல்.
‘எந்தப் பக்கம் வலி?’
‘வலியில்லை. எண்பது டன்.’

மூன்றும் ஒரே கதவில் நின்றால் அப்படித்தான்.
5060இல் யார் தட்டினாலும்
கடைசியாகப் பெயர் எழுதிக்கொண்டவரிடம்
தள்ளிவிட்டது ரௌட்டர்.
பிரித்து வைத்தேன்: கிளினிக் 5060,
கிரேன் 5070, கேட்டரிங் 5080.
குரல் போகும் பாதைகளுக்கும்
ஆளுக்கு ஆயிரம் வாசல்.

மணி அடித்தது. குரல் கேட்டது.
முப்பத்திரண்டாம் விநாடியில் அறுந்தது.
ஒவ்வொரு அழைப்பும்,
முப்பத்தொன்றும் இல்லாமல் முப்பத்து மூன்றும் இல்லாமல்.

கிரேன் டிஸ்பாட்சர் வேதமுத்து
இதோடு நான்கு மாதம் குடும்பம் நடத்தியிருக்கிறார்.
வணக்கம் கிடையாது, சலாம் கிடையாது.
இடம், டன், நேரம், வை.
ஆள் முரடு என்று பெயர்.

காரணம் இவ்வளவுதான்:
உறைமேல் ரௌட்டர் பொது முகவரியை ஒட்டுகிறது.
உள்ளே கடிதத்தில் சர்வர்
தன் அறை எண்ணையே எழுதியிருக்கிறது.
192.168.20.5.
மறுமுனை அதைத் தேடிப் புறப்படுகிறது.
அந்த எண் எங்கும் இருக்கிறது,
என் ஃப்ளாட்டில், எதிர் ஃப்ளாட்டில்,
கீழே ஷவர்மா கடையின் கல்லாவில்.
அதனாலேயே எங்கும் இல்லை.
‘கிடைத்தது’ என்ற ஒற்றைச் சொல் வந்து சேராமல்
காத்திருந்து காத்திருந்து
சர்வர் போனை வைத்துவிடுகிறது.
கோபம் இல்லை, கணக்கு.

போதாததற்கு ரௌட்டரின் பரோபகாரம்:
கடிதத்தைப் பிரித்துப் பாதியைத் திருத்தி
மீதியை மறந்து ஒட்டி அனுப்புகிறது.
முதலில் அந்த உதவியை நிறுத்தினேன்.
பிறகு ஒவ்வொன்றிலும் எழுதினேன்:
வெளியே உன் பெயர் இது.
வீட்டுக்குள் எப்படியோ இருந்துகொள்.

பன்னிரண்டே காலுக்கு என் மொபைலிலிருந்து
கிரேன் லைனை அழைத்தேன். நைட் டியூட்டி வேதமுத்து.
‘எங்கே, எத்தனை டன்?’
‘ரெனிட்டா பேசுறேன். டெஸ்ட். வைக்காம பேசிட்டே இருங்க.’
‘என்ன பேச?’
‘எதாவது.’

யோசித்துவிட்டு
சுவரில் ஒட்டியிருந்த லோடு சார்ட்டைப் படித்தார்.
‘பூம் முப்பது மீட்டர், ரேடியஸ் எட்டு,
இருபத்தாறு டன். ரேடியஸ் பத்து...’
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
ரேடியஸ் பன்னிரண்டில் பதினாறு டன்.
முப்பத்து மூன்று.

‘கட் ஆகலியே’ என்றார்.
‘ஆகாது இனிமே.’
மூச்சு மட்டும் கேட்டது,
இரண்டு பக்கமும்.

‘மேடம், நாலு மாச ஓவர்டைம் வரல்ல.
பதினோரு பேருக்கு.
இந்த லைன்ல மொதலாளிகிட்ட சொல்லப் பாத்தேன்.
நலமா, வீட்ல நலமான்னு
அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள
முப்பத்திரண்டு ஆயிடும்.
திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டார்.’

லாகில் பார்த்தேன். உண்மைதான்.
ஒன்பது அழைப்புகள், ஒன்பதும் ஒரே நீளம்.
பழுது என்றே நினைத்திருந்த ஒன்று
ஒருவருக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது.

நாங்கள் பேசியது நான்கு நிமிடம் பதினொரு விநாடி.
ரிப்போர்ட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன்.
அந்த ஒன்பது வரிகளையும் அச்செடுத்து
எதற்கும் இருக்கட்டும் என்று
பையில் வைத்துக்கொண்டேன்.

5080ஐ இன்னும் சோதிக்கவில்லை.
நாலரைக்கு அங்கே வெங்காயம் நறுக்கத் தொடங்குவார்கள்.
அவர்களிடம் என்ன இருக்கிறதோ
முப்பத்து மூன்றாவது விநாடிக்கு.